சோனகத் தெருவிலிருந்து 'போன' ஆக்கள்

யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்தியைத் தெரியாத ஆக்கள் குறைவு. ரியூசனுக்குச் சைக்கிளில் போன காலத்தில் எங்களில் பலபேர் தினமும் அந்தச் சந்தியால் போய்வந்திருக்கிறோம். சோனகத் தெருப் பக்கம் திரும்பினால், புதுசாய்க் கட்டின வீடுகளுக்கு இடையில் கூரையில்லாத வீடுகளும் நிற்கும். சுவர் இருக்கும். ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். அறைக்குள்ளே மரம் வளர்ந்து சுவருக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

ஷெல் அடியில் உடைஞ்ச வீடுகள் எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தோம். எங்கட ஊரில் உடைஞ்ச வீட்டைக் கண்டால் ஏன் உடைஞ்சது எண்டு கேட்கிற பழக்கமில்லை. சண்டை நடந்த இடம், வீடு உடையும்தானே. ஆனால் ஷெல் விழுந்த வீட்டில் கதவு நிலை, ஜன்னல் சட்டம், ஓடு, வளை எல்லாம் இவ்வளவு ஒழுங்காய்க் கழன்று போகாது. இதைக் கழட்டினது மனிசக் கை எண்டு விளங்க எங்களுக்கு இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

வீட்டில் கேட்டால் ஒரு வசனத்தில் பதில் வரும்: "அது சோனகற்ற வீடுகள். அவை தொண்ணூறில போனவை."

இந்தக் கட்டுரை அந்தப் 'போனவை' என்ற ஒரு சொல்லைப் பற்றினது.

பெரியப்பா கனடாவுக்குப் போனவர். பக்கத்து வீட்டு அன்ரி கொழும்புக்குப் போனவ. சோனகர் போனவை. மூன்று வசனத்துக்கும் ஒரே வினைச்சொல். கேட்கிற பிள்ளைக்கு மூன்றும் ஒரே மாதிரித்தான் விளங்கும்: ஏதோ வசதிக்காக வெளிக்கிட்டுப் போயிருக்கினம் எண்டு. பத்திரிகைத் தமிழிலும் இதே கதைதான். 'இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்', 'வெளியேறிய முஸ்லிம்கள்' எண்டு எழுதுவார்கள். 'வெளியேற்றப்பட்ட' எண்டு எழுதினால் யார் வெளியேற்றினது எண்ட கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் எங்கட தமிழ் இந்த விசயத்தில் முப்பது வருசத்துக்கு மேலாய் இப்படி வளைஞ்சு நெளிஞ்சு ஓடுது.

முதலில், அங்க இருந்தவர்கள் யார் எண்டு பார்ப்போம். சோனகத் தெருவும் அதைச் சுற்றின வட்டாரமும் யாழ்ப்பாண நகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த குடியேற்றம் இல்லை. நகரத்தின் இரும்புக் கடைகள், நகைக் கடைகள், தையற் கடைகள், லொறித் தொழில், இறைச்சிக் கடைகள் எண்டு பலதிலும் அவர்களின் கை இருந்தது. ஒஸ்மானியா கல்லூரியும் கதீஜா மகளிர் கல்லூரியும் அங்கதான் இருக்கு. எம். எம். சுல்தான் எண்ட முஸ்லிம் ஒருவர் யாழ்ப்பாணத்தின் மேயராய் இருந்திருக்கிறார் எண்டால் இண்டைக்கு எங்கட வயதுப் பெடியள் நம்பமாட்டினம்.

ஏ. எம். ஏ. அஸீஸ் இந்த வட்டாரத்துப் பிள்ளை. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, அல்லாப்பிச்சை குர்ஆன் பள்ளியில் ஓதி, பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினவர். குர்ஆன் பள்ளியில் இருந்து இந்துக் கல்லூரிக்கு ஒரு பிள்ளை போய்ப் படிச்ச அந்த வழியை யாரும் 'நல்லிணக்கம்' எண்டு பேர் வைச்சு அழைக்கேல்லை. அது பள்ளிக்கூடம் போகிற வழி, அவ்வளவுதான். அவர் இறந்த பிறகு, 1980இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. அதுக்குப் பத்து வருசம் கழிச்சு அவரின் ஊராக்கள் ஒருத்தரும் யாழ்ப்பாணத்தில் இல்லை.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம் அப்ப விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. சாவகச்சேரி முஸ்லிம்களை அதுக்கு முதலே, அந்த மாத நடுப்பகுதியில் அனுப்பியாயிற்று. அண்டைக்குக் காலையில் சோனகத் தெருப் பகுதியில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது: இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டும். நகையும் வீட்டுச் சாமானும் இல்லை. காசு சில நூறு ரூபாய் மட்டும். வெளிக்கிட்டு வந்த சனத்தை ஐந்து சந்தியடியில் சோதிச்சு, பெண்களின் காதில் கழுத்தில் கிடந்ததையும் வாங்கிக்கொண்டார்கள். வசதியான வர்த்தகர்கள் சிலரைப் பிடிச்சு வைச்சிருந்தார்கள். அதில் சிலர் திரும்பி வரவேயில்லை. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்து அந்த மாதம் துரத்தப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுகளில் போய் விழுந்தார்கள். அவர்கள் அந்த மாதத்தைக் 'கறுப்பு ஒக்டோபர்' எண்டு சொல்லுகிறார்கள்.

நாங்கள் தினமும் பெல் அடிச்சுக்கொண்டு கடந்த அதே ஐந்து சந்திதான்.

இப்ப இன்னொரு ஒக்டோபர் 30ஐப் பார்ப்போம். 1995. இராணுவம் யாழ்ப்பாண நகரத்தை நெருங்க, வலிகாமத்துச் சனத்தை உடனே வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் மழைக்குள்ளே, இரவிரவாக, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. இந்தக் கதை எங்களில் எவருக்கும் தெரியும். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தினது, தண்ணிப் போத்தல் இல்லாமல் மழைத்தண்ணி ஏந்திக் குடிச்சது, மாட்டை அவிழ்த்து விட்டிட்டு வந்தது எல்லாம் கேட்டுக் கேட்டு எங்கட சொந்த ஞாபகம் போலாகியிட்டுது. எங்களில் பாதிப்பேர் அப்ப பிறக்கவேயில்லை.

அதே திகதி. அதே ஊர். ஐந்து வருச இடைவெளி. ஒன்றை ஒவ்வொரு விவரமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஒரு சமூகம், மற்றதை 'போனவை' எண்டு ஒரே சொல்லில் முடிச்சிட்டுது. இரண்டுக்கும் வித்தியாசமும் இருக்கு. எங்கட சனத்தில் பெரும்பகுதி 1996இல், ஆறேழு மாதத்தில், திரும்பி வந்தது. வந்து பார்த்த வீட்டில் கதவில்லை, பாத்திரம் பண்டமில்லை எண்டு அழுதது. அந்த அழுகை உண்மையானது. ஆனால் அந்த நேரம் சோனகத் தெரு ஆக்கள் புத்தளத்தில் ஆறாவது வருசத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

இதைக் கதைக்க வெளிக்கிட்டால் வழமையாக மூன்று பதில் வரும்.

முதலாவது: "கிழக்கில அவையள் செய்ததுக்கு?" 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கு மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது எண்டு எங்கட தரப்பு சொல்லிவருகுது. கிழக்கின் காயம் இரண்டு பக்கமும் ஆழமானது, அதைத் தனியாய்க் கதைக்கவேணும். ஆனால் வீரமுனைக்கும் சோனகத் தெருவில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தவருக்கும் என்ன தொடர்பு? ஒரு இனத்தைச் சேர்ந்தவன் எண்டதாலேயே ஒருத்தன் குற்றவாளி எண்டால், 1983 யூலையில் கொழும்பில் எங்கட ஆக்களின் வீட்டைக் கொளுத்தினவனும் அதே நியாயத்தைத்தான் சொன்னான்.

இரண்டாவது: "இயக்கம் செய்தது. சனம் என்ன செய்யேலும்?" இதில் உண்மை இருக்கு. துவக்கு வைச்சிருந்தவனுக்கு முன்னால் கதைக்கிறது லேசில்லை. கதைச்சவர்களுக்கு என்ன நடந்தது எண்டு எங்கட பெற்றோருக்குத் தெரியும். அழுது வழியனுப்பின தமிழ் ஆக்களும் இருந்தார்கள். முஸ்லிம் ஆக்களே அதைச் சொல்லுகிறார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அந்தக் காலத்திலேயே இதை எழுதிப் பதிவு செய்தது. ஆனால் அனுப்பின நாளோடு கதை முடியவில்லை. பிறகு வந்த வருசங்களில் ஓடு கழன்றது, நிலை கழன்றது, சாமான் விலைக்கு வந்தது. அதை வாங்கினது யார்? எங்களில் ஒருத்தரின் வீட்டில் ஒரு பழைய மர அலுமாரி இருக்கு. எங்கால வந்தது எண்டு கேட்டால் அப்பா கதையை மாத்துவார். அலுமாரியைத் திருப்பிக் குடுக்க ஆளைத் தேடேலாது. ஆனால் எங்கால வந்தது எண்டாவது சொல்லலாம். 1990இல் கதைக்கப் பயமிருந்தது. 2009க்குப் பிறகும் வாய் திறக்காததுக்கு அந்தப் பயத்தைக் காரணம் காட்டேலாது.

மூன்றாவது: "அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டாச்சே." 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்தை ஒரு தவறு எண்டு ஒத்துக்கொண்டார். அதே மாதம் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கை எழுதினார்கள். அது இயக்கத்துக்கும் கட்சிக்கும் இடையில நடந்தது. தெருவுக்கும் தெருவுக்கும் இடையில் ஒண்டும் நடக்கேல்லை. 1990இல் வெளியேற்றினவர்களே தவறு எண்டு சொல்லி இருபது வருசத்துக்கு மேலாகுது. இன்னும் வீட்டில் நாங்கள் 'போனவை' எண்டுதான் சொல்லுறம்.

இது பழைய கதை, கிண்டாதேங்கோ எண்டு சொல்லுறவைக்கு: இது முடிஞ்ச கதை இல்லை. திரும்பி வர விரும்பினவர்கள் வந்து பார்த்தபோது இருக்க வீடில்லை. வீட்டுத்திட்டத்தில் பெயர் வர ஊரில் நிரந்தரமாய் இருக்கவேணும். ஊரில் நிரந்தரமாய் இருக்க வீடு வேணும். இந்த வட்டத்துக்குள்ளே சுத்திக் களைச்சுப் பலர் புத்தளத்துக்கே திரும்பிப் போனார்கள். அங்க பிறந்த பிள்ளைகளுக்குப் புத்தளம்தான் ஊர். காணிப் பக்கம் இன்னொரு சிக்கல்: ஒருத்தரின் காணியில் மற்றொருவர் பத்து வருசம் எதிர்ப்பில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம் எண்டது எங்கட நாட்டுச் சட்டம். ஊருக்குள்ளேயே வரவிடாதவன் எப்பிடி எதிர்ப்புக் காட்டுறது? 2016இல்தான், ஆயுதக் குழுக்களின் செயலால் தங்கட காணிக்கு வழக்குப் போட முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற விசேட சட்டம் வந்தது. அதுவும் வழக்குப் போட இரண்டு வருச அவகாசத்தோடு. வந்து இருக்கிறவர்களில் ஒரு பகுதி பொம்மைவெளிப் பக்கம், மாரியில் வெள்ளம் நிற்கிற பள்ளக் காணியில் இருக்கு. பழைய இரும்பு சேர்க்கிற ஆளாய், உடுப்பு மூட்டையோடு வருகிற ஆளாய் மட்டும் அவர்களை அறிகிற எங்கட தலைமுறைக்கு, அவர்களின் அப்பப்பா நகரத்தின் நடுவில் இரும்புக் கடை வைச்சிருந்தவர் எண்டது தெரியாது. அதாலதான் "இப்ப இவையள் எல்லாம் யாழ்ப்பாணத்துக்குள்ள வருகினம்" எண்டு கூசாமல் சொல்ல முடியுது. வருகினம் இல்லை, திரும்பி வருகினம்.

நாங்கள் பெரிய தீர்வு சொல்லக்கூடிய ஆக்கள் இல்லை. காணிக் கச்சேரியும் எங்கட கையில் இல்லை. எங்கட கையில் இருக்கிறதைப் பற்றி மட்டும் சொல்லுறம்.

ஒன்று, சோனகத் தெருவில் 1990க்கு முதல் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் எண்டு எழுதி வைக்கவேணும். வீட்டுக்கு வீடு. அது தெரிஞ்ச ஆக்கள் எழுபது, எண்பது வயதில் பாதிப்பேர் இங்கயும் பாதிப்பேர் புத்தளத்திலும் இருக்கிறார்கள். கையில் போன் இருக்கு, பஸ் இருக்கு. முஸ்லிம் இளையோரோடு சேர்ந்து, அவர்கள் விரும்புகிற மாதிரி இதைச் செய்யவேணும். அவர்களின் கதையை அவர்களுக்காக நாங்கள் எழுதப் போகேல்லை. எங்கட பங்கு, எங்கட வீட்டில் கேட்கிறது. அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டீங்கள்? என்ன கண்டீங்கள்? என்ன வாங்கினீங்கள்?

இரண்டு, யாழ்ப்பாணத்து மரபுரிமை நடை எண்டு கோட்டை, மந்திரிமனை, நூலகம் எண்டு நாங்களும் நடந்து படம் போட்டிருக்கிறோம். அந்த நடை சோனகத் தெருவுக்குள்ளும் போகவேணும். நூலகம் எரிஞ்சதைக் கண்கலங்கச் சொல்லுற வாய், அதுக்குக் கிட்டத்தான் ஒரு ஊரே வெறுமையாக்கப்பட்டது எண்டதையும் சொல்லவேணும்.

மூன்று, ஒவ்வொரு ஒக்டோபர் 30க்கும் 1995ஐ நினைக்கிறபோது 1990ஐயும் சேர்த்து நினைப்போம். எங்கட நடையின் வலி அதால் குறையாது. கொட்டும் மழையில் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த சனத்துக்குத்தான், திறப்பையும் பறிகொடுத்துப் போன சனத்தின் கதை மற்ற எவரையும் விட நல்லாய் விளங்கும்.

நான்காவது எல்லாத்திலும் சின்னது. அடுத்த முறை வீட்டில் யாராவது "சோனகர் போனவை" எண்டு சொன்னால், சண்டை பிடிக்கத் தேவையில்லை. "போகேல்லை அம்மம்மா, அனுப்பினவை" எண்டு சொல்லுங்கோ. அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பா. பிறகு, எங்களுக்கு நடந்தது போல, தனக்குத் தெரிஞ்ச ஒரு பெயரைச் சொல்லத் தொடங்குவா. சட்டை தைச்ச கடைக்காரரின் பெயர், அல்லது பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயர். அதை எழுதி வையுங்கோ.