பல்பை வச்சு கேலக்ஸிகளை மோதவிட்ட மனுஷன்

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டைட்டில் கேட்டுட்டாங்களா? உங்க கிளாஸ்ல குறைஞ்சது ரெண்டு டீமாவது 'ஸ்மார்ட் டஸ்ட்பின்'னு எழுதிக் கொடுத்திருக்கும். இன்னொரு டீம் சேலத்துல ஏதோ ஒரு பிராஜெக்ட் சென்டர்ல அட்வான்ஸே கட்டியிருக்கும். நான் வேற ஒரு டைட்டில் சொல்றேன், சிரிக்காம கேளுங்க: ரெண்டு சுருள் கேலக்ஸிகள் மோதினா என்ன ஆகும்?

"அதெல்லாம் நாசாக்காரன் வேலைடா"ன்னு சொல்வீங்க. அங்கேதான் எனக்கு சண்டை.

என்ஜிசி 2207, ஐசி 2163ன்னு ஒரு ஜோடி இருக்கு. சிரியஸ் நட்சத்திரம் இருக்கிற பெருநாய் மண்டலத்துலதான். ஹப்பிளும் ஜேம்ஸ் வெப்பும் எடுத்த படங்களைச் சேர்த்து 2024 அக்டோபர்ல வெளியிட்டாங்க. ரெண்டு சிவந்த கண்ணு நம்மை முறைக்கிற மாதிரி இருக்கும். சின்னது பெரியதை ரொம்ப நெருங்கிக் கடந்து சுமார் 4 கோடி வருஷம் ஆச்சுன்னு கணக்கு. நட்சத்திரங்களுக்கு நடுவுல அவ்வளவு இடைவெளி இருக்கிறதால அதுங்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிறது அநேகமா நடக்காது. ஆனா ஈர்ப்பு விசை கேலக்ஸியோட உருவத்தையே இழுத்து நீட்டிடும்.

சரி, இதைக் கணக்குப் போட சூப்பர் கம்ப்யூட்டர் வேணுமா? 1941ல எரிக் ஹோம்பெர்க்ங்கிற ஸ்வீடன்காரர் கம்ப்யூட்டரே இல்லாம பண்ணிட்டார். ஒரு கேலக்ஸிக்கு 37 பல்பு, மொத்தம் 74. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்கு ஆகும். ஈர்ப்பு விசையும் அதே விதிதான். அதனால ஒவ்வொரு பல்பு இருக்கிற இடத்துலயும் ஃபோட்டோசெல் வச்சு, எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம்னு அளந்து, அதையே விசையா எடுத்துக்கிட்டார். அப்புறம் பல்புகளைக் கையாலேயே கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அளவு. திரும்பத் திரும்ப அதே வேலை. பொறுமையைப் பாருங்க!

1972ல டூம்ரி சகோதரர்கள் அலாரும் ஜூரியும் அடுத்த அடி வச்சாங்க. மோதுற கேலக்ஸிகள்ல நீளமா, மெல்லிசா வால் தெரியுது. வெறும் ஈர்ப்பு விசையால அது வருமான்னு பலருக்கு சந்தேகம். இவங்க ஒவ்வொரு கேலக்ஸியோட எடையையும் நடுவுல ஒரே புள்ளியில வச்சாங்க, சுத்தி எடையே இல்லாத புள்ளிகளைச் சுழல விட்டாங்க. வால் வந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம். நியூட்டன் விதி, நீங்க அரியர் வச்ச அந்த ரங்கே-குட்டா, ஒரு பழைய லேப்டாப். ராசிபுரத்துலயும் திருச்செங்கோட்டுலயும் இது மூணும் இல்லாத ஹாஸ்டல் ரூம் இருக்கா?

பார்க்கிறதுக்கும் வெகுதூரம் போக வேணாம். ஐப்பசி, கார்த்திகையில மழை விட்ட ராத்திரி கொல்லிமலை மேல நின்னா ஆண்ட்ரோமெடா வெறும் கண்ணுக்கே மங்கலா தெரியும். அதுவும் நம்ம பால்வீதியும் நெருங்கிட்டு இருக்கிற ஜோடிதான், வினாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர். மோதல் நிச்சயம்னு ரொம்ப நாள் சொன்னாங்க. 2025ல வந்த ஆய்வு, அடுத்த 1,000 கோடி வருஷத்துல அதுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்னு சொல்லுது. திருப்பத்தூர் தாண்டி ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு. 1986ல இருந்து அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி. வடிவமைச்சது, கண்ணாடியைத் தேய்ச்சு மெருகேத்தினது எல்லாம் நம்ம நாட்டு ஆட்கள். மெக்கானிக்கல் பசங்க ஒரு தடவையாவது போய்ப் பார்க்கணும்.

"இதை வச்சு பிளேஸ்மென்ட் ஆகுமா?" ஆகும்னு நான் சத்தியம் பண்ணல. காசு கொடுத்து வாங்கின டஸ்ட்பின்னுக்கும் ஆகாது, இன்டர்வியூல "இதுல நீ பண்ணது எந்தப் பார்ட்?"னு கேட்டா வாய் திறக்க முடியாது.

ஈசிஇ பசங்களா, பல்பு வழியில போறீங்கன்னா 74 வேணாம், 10ல ஆரம்பிங்க. எல்இடி வாங்காதீங்க, அது ஒரே பக்கமா அடிக்கும். பழைய குண்டு பல்புல சின்னதா தேடுங்க. எல்டிஆரை விட ஃபோட்டோடயோடு நல்லது, வெளிச்சத்துக்கு நேர் விகிதமா கரன்ட் தரும். லேப் சுவர் முழுக்க கருப்புத் துணி கட்டணும், இல்லைன்னா எதிரொளிக்கிற வெளிச்சம் கணக்கைக் கெடுத்துடும். துணிக்கு பில் வாங்கி வச்சுக்கோங்க, எச்ஓடி கேட்பார்.