40 மணித்தியாலத்தில் படிப்பு எங்கே?



ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பட்டம் எடுக்க 40 மணித்தியாலம் சம்பளமில்லாத சமூகப்பணி செய்திருக்க வேண்டும். எங்கட வீடுகளில் இதுக்குப் பெயர் ‘வொலன்ரியர் அவர்ஸ்’. 12ஆம் வகுப்பு முடியிற நேரம் கோயிலிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்க ஓடினது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

1999இல் 9ஆம் வகுப்புக்குப் போன பிள்ளைகளில் இருந்து இது கட்டாயமானது. கொண்டுவந்தது மைக் ஹாரிஸின் பழமைவாத அரசு. அதே அரசுதான் 1995இல் சமூக உதவிப்பணத்தை 21.6 சதவீதம் வெட்டியது. உதவிப்பணத்துக்காக வேலை செய்ய வைக்கப்பட்டவர்கள் தொழிற்சங்கம் சேரக்கூடாதென்று 1998இல் சட்டமும் போட்டது. பொதுச்சேவையை வெட்டிப்போட்டு, பிள்ளைகளிடம் ‘சமூகத்துக்கு உதவி செய்’ என்றது.

அதனால்தான் சில தோழர்கள் ‘இது இலவச உழைப்பு, ஒழிக்க வேணும்’ என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குது. ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை. ஒழித்தாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக இதைச் செய்யத்தான் போகினம். என் குறை வேறு: இதில் சேவை இருக்கு, படிப்பு இல்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1997இல் பட்டம் பெற்றவர்களில் இருந்து 75 மணித்தியால சேவைவழிக் கற்றல் கட்டாயம். அங்கே விதியிலேயே மூன்று படிகள் உண்டு: ஆயத்தம், செயல், பிறகு அதைப் பற்றிய சிந்தனை. எங்கட படிவத்தில் நடுவில் உள்ளது மட்டும்தான்.

நான் ஒரு உணவு வங்கியில் ரின் அடுக்கி என் மணித்தியாலங்களை முடித்தேன். வரிசையில் நின்றவர்களில் பலர் வேலைக்குப் போகிற ஆட்கள். வேலை இருந்தும் ஏன் சாப்பாட்டுக்கு வரிசை, வாடகை எவ்வளவு, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று பள்ளியில் ஒருவரும் எங்களோடு கதைக்கவில்லை. அந்த ஒரு கதை போதும், சேவை அரசியலாக மாறும். அதனால்தானோ என்னவோ, கதைக்கவில்லை.

இன்னொரு அநியாயமும் இருக்கு. வீட்டில் வழக்கமாகச் செய்கிற வேலை இந்த 40இல் சேராது. அம்மா இரவு வேலைக்குப் போக, தம்பியையும் அம்மம்மாவையும் பார்க்கிற பிள்ளை பூச்சியத்தில் நிற்கும்.

எங்கட பெற்றோருக்குச் சிரமதானம் தெரியும். ஒழுங்கை துப்புரவாக்குவதென்றால் என்ன வேலை, எப்போது என்று ஊர் கூடி முடிவெடுக்கும். அந்த ஊருக்குள்ளும் சாதி இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முடிவு மேலிருந்து வரவில்லை என்பது எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். பள்ளிகளிலும் முடிவு பிள்ளைகளிடம் இருக்க வேணும். அதற்கு நாங்கள் செய்யக்கூடியவை மூன்று:

ஒன்று, படித்த பள்ளிக்குத் திரும்பிப் போங்கோ. மதிய இடைவேளையில் பத்துப் பிள்ளைகளோடு ஒரு வட்டம் போதும். ‘எங்க செய்தாய்? யாரைச் சந்தித்தாய்? இந்த வேலைக்கு ஏன் தேவை வந்தது?’ என்று கேளுங்கோ. அறிவுரை வேண்டாம்.

இரண்டு, வேலையைப் பிள்ளைகளே தெரிவுசெய்யட்டும். வாடகைக்காரர் சங்கத்துக்காகக் கட்டடத்தில் கதவு தட்டி, பழுதுகளைப் பட்டியல் போடுவதும் சமூகப்பணிதான். அதிபரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுக்கச் சொல்லுங்கோ.

மூன்று, ஒன்ராறியோவின் பொதுக் கல்விச்சபைகளில் மாணவர் பிரதிநிதிகள் இருக்கினம். அவர்களுடைய வாக்கு சபையைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுப் பராமரிப்பை 40இல் சேர்க்க வேணும் என்ற கோரிக்கையை அவர்களிடம் கொண்டுபோவோம். விதியை மாற்றுவது மாகாண அரசின் கையில் இருக்கு. அதுக்கு முதல் சபைக் கூட்டக் குறிப்பில் எங்கட கேள்வி ஏறட்டும்.

ஸ்காபரோவில் இரண்டு பள்ளிகளில் இருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. வரக்கூடியவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், எந்த நாள் நேரம் இருக்கு என்பது போதும்.