யார் வீட்டில் யார் விருந்தாளி?

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவன்)

எங்கள் ஊரில் பரண் என்றால் அது பயத்தின் மேடை. ராகிக் கதிர் முற்றத் தொடங்கிவிட்டால் ஆண்களுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. கம்பளியும், டார்ச் விளக்கும், தகர டப்பாவுமாகப் பரண் ஏறிவிடுவார்கள். யானை வந்துவிடக் கூடாதே என்று விடிய விடிய வேண்டிக்கொள்வார்கள். இப்போது அதே காட்டோரத்தில் இன்னொரு பரண் வந்திருக்கிறது. அதில் ஏற ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். அங்கே இருப்பவர்களோ, யானை வந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறார்கள்! இரண்டு வேண்டுதலையும் ஒரே இரவில் கேட்கும் கடவுள் என்னதான் செய்வார்?

ஓசூர் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது சிப்காட்டும், லாரிகளும், ஷிப்டு சங்கொலியும்தான். ஆனால் அங்கிருந்து பேருந்தேறினால் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று காடு விரிகிறது. யானைக்கு மாநில எல்லை ஏது? மழைக்காலம் முடியும் தறுவாயில், ராகி அறுவடையை ஒட்டி, கர்நாடகத்தின் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக மந்தைகள் வருகின்றன. சில, நெடுஞ்சாலை ஓரத்துச் சானமாவு காடு வரையிலும் வந்துவிடுகின்றன. இந்தத் தொடர்ச்சியைக் காக்கவே 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-ல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன.

பெங்களூரிலிருந்து நம் காட்டுக்கு ஆட்கள் வருவது புதிதன்று. கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய புத்தகம் 1954-லேயே வெளிவந்தது. அன்று துப்பாக்கி வந்தது. இன்று காமிரா வருகிறது. இது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. காட்டைக் கண்ணால் கண்டவன்தான் காட்டுக்காகப் பேசுவான். ஆகவே சுற்றுலாவே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. எப்படிப்பட்ட சுற்றுலா என்பதே என் கேள்வி.

சென்ற ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் காட்டோர விடுதி ஒன்றில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பெட்டி தூக்குவது, குளிர் காய நெருப்பு மூட்டுவது, இவற்றோடு இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. மாலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உப்புக் கட்டிகளை வைத்துவிட்டு வர வேண்டும். “யானை வரவில்லையென்றால் அடுத்த முறை யார் வருவார்கள்?” என்றார் மேலாளர். விலங்கியல் படிக்கிற நான், கூலிக்காக வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு ஐந்து யானைகள் வந்தன. விருந்தினர்கள் குதூகலித்தார்கள். எனக்கும் ஐம்பது ரூபாய் இனாம் கிடைத்தது.

தொட்டியை விட்டுப் போன யானைகள் விடிவதற்குள் சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கர் ராகியில் இறங்கிவிட்டன. மிதிபட்ட தாளைப் பார்த்துக்கொண்டே சித்தப்பா கேட்டார்: “ஏம்பா, அதுங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லியே, இந்த வருசம் யாரு கூப்பிட்டாங்க?” நான் பதில் சொல்லவில்லை. நஷ்டஈட்டு மனுவை எழுதிக் கொடுத்ததும் நானேதான்.

“விடுதி வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே!” என்பான் என் வகுப்பு நண்பன். கிடைக்கும்; ஆனால் இலாபம் நகரத்துக்கும் நஷ்டம் வயலுக்கும் என்றால் அது என்ன கணக்கு? நீலகிரியின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்திலேயே விடுதிகள் முளைத்தன. அவ்வழித்தடத்தைக் காக்கும் அரசின் நடவடிக்கையை 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சரியென்று தீர்ப்பளித்தன. அடுத்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் அருகே எரியும் பொருளை வீசியதில் காயமுற்ற யானை உயிரிழந்தது. விருந்துக்கு அழைத்தவர்களே வாசலில் தீ வைத்த கதை இது!

வேறு வழியும் இருக்கிறது. தேக்கடியில், ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களே இன்று பயணிகளுக்கு வழிகாட்டிகளாக நடக்கிறார்கள். காட்டுக்குக் காவலர்களாகவும் இருக்கிறார்கள். தமிழக வனத்துறை 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும் உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். யானை நடக்கும் பாதையில் விடுதி வேண்டாம். உப்பு, பழம், விளக்கு எதையும் காட்டி விலங்கை வரவழைக்க வேண்டாம். வழிகாட்டி அந்தந்த ஊர்க்காரனாக இருக்கட்டும். கட்டணத்தில் ஒரு பங்கு பயிரிழந்தவனுக்கு உடனே போய்ச் சேரட்டும். யானையைக் காணாமல் திரும்பும் நாளும் நல்ல நாளே என்று பயணிக்குச் சொல்லும் துணிவு விடுதிக்காரருக்கு வரட்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை அதே தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்குவோம். விடுமுறைக்கு அதே விடுதிகளுக்குக் குடும்பத்தோடு போவோம். போகலாம், தவறில்லை. ஆனால் அறைக்குப் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கே யானை தானாக வருகிறதா, நீங்கள் கூப்பிட்டு வருகிறதா?” அந்தக் கேள்வியை நான் சென்ற ஆண்டே கேட்டிருக்க வேண்டும்.