ஆர்டர் எடுக்கும் முன் ஒரு அஞ்சாம் வகுப்புக் கணக்கு

பதிவு சற்று நீளம். தொழில் நடத்துகிறவர்களும் தொடங்கப்போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று முதலாளிகள். பனியன் கம்பெனி, அச்சகம், மெஸ், ஸ்கேன் சென்டர் என்று ஆளுக்கொரு தொழில். கேட்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் பேசும்போது பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். "ஆர்டர் நிறைய இருக்கு டீச்சர், ஆள்தான் இல்லை. தேதிக்குக் கொடுக்க முடியலை." என் கருத்து வேறு. பல இடங்களில் குறை ஆளில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ஒரு சிறிய பனியன் கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எண்கள் நானாகப் போட்டவை. நாளொன்றுக்குக் கட்டிங்கில் 600 பீஸ், தையலில் 400, அயர்னிங்கும் பேக்கிங்கும் சேர்ந்து 250. அப்படியானால் ஒரு நாளில் எத்தனை பீஸ் வெளியே போகும்? 250தான். மூன்றின் சராசரிகூட இல்லை. சுற்றுலாவுக்கு வரிசையில் நடத்திக் கூட்டிப்போவோமே, அதில் மெதுவாக நடக்கும் பிள்ளையின் வேகம்தானே மொத்த வரிசையின் வேகம்? இதே உவமையை வைத்து எலியாஹு கோல்ட்ராட் என்பவர் 1984இல் 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதி, தொழிற்சாலைப் பாடம் நடத்தினார்.

இப்போது 15 நாளில் 5,000 காலர் டிஷர்ட் கேட்கிறார்கள். முதல் பீஸ் அயர்னிங் மேஜைக்கு வரவே 2 நாள் போய்விடும். மீதி 13 நாள். 13 × 250 = 3,250. குறைவது 1,750. இது ஆர்டர் எடுக்கும் அன்றே தெரிய வேண்டிய விஷயம்.

கணக்குப் பார்க்காதவர் என்ன செய்கிறார்? கடன் வாங்கி இன்னும் இரண்டு தையல் மெஷின் போடுகிறார். அயர்னிங் மேஜை முன்னால் குவியல் உயர்கிறது, வட்டியும் உயர்கிறது. வெளியே போவது அதே 250. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அயர்னிங்கிலும் பேக்கிங்கிலும் போட்டு 400 ஆக்கியிருந்தால் 13 × 400 = 5,200. ஆர்டர் முடிந்திருக்கும்.

பொருளுக்கும் இதே கணக்குதான். ஒரு டிஷர்ட்டுக்கு 3 பட்டன் என்றால் 15,000 பட்டன், 5,000 லேபிள், 5,000 பாலிபேக். துணி வந்து, தைக்கும் நேரத்தில் லேபிள் வரவில்லை என்றால் அத்தனையும் முடங்கும். அனுப்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எது வர அதிக நாள் ஆகுமோ அதை முதலில் சொல்லிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் வாங்கிப் பூட்டி வைத்தால், பூட்டி வைப்பது உங்கள் பணத்தைத்தான்.

சேவைத் தொழிலில் இன்னொரு சிக்கல் உண்டு. டிஷர்ட்டை அலமாரியில் வைக்கலாம், நேரத்தை வைக்க முடியாது. காலையில் சும்மா கிடந்த ஸ்கேன் மெஷினின் அரை மணியை மாலைக் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியுமா?

இதற்கு விடை கண்டவர்கள் நம் மதுரையிலேயே இருக்கிறார்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே மிக அரிதானது அறுவை மருத்துவரின் நேரம். ஆகவே அவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளி இன்னொன்றில் தயாராக இருப்பார். தயார் செய்யும் வேலையைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவர் காத்திருப்பதில்லை. அடுத்து பொருள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்தால் விலை கட்டாது என்று 1992இல் அரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். அதனால்தான் இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் பார்வை தர முடிகிறது. கணக்குப் பார்ப்பது இரக்கமில்லாத வேலை என்று யார் சொன்னது?

கணக்குப் பார்க்காததுதான் இரக்கமில்லாத வேலை. குறையும் அந்த 1,750 பீஸ் யார் தலையில் விழுகிறது? ஒன்றரை ஷிப்ட் நிற்கும் பெண்ணின் தலையில். வீட்டில் அவள் பிள்ளை சாப்பிடாமல் தூங்கிப்போகும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. எத்தனை பேர் கொடுக்கிறோம்? என்றோ ஒருநாள் அவசரம் வரலாம். மாதம் முழுக்க அவசரம் என்றால் அதற்குப் பெயர் அவசரம் இல்லை, திட்டமில்லாமை.

"முடியாதுன்னா ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போயிடும் டீச்சர்" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் முடியாது என்று சொல்லச் சொல்லவில்லையே! "3,250 தேதிக்குத் தருகிறேன், மீதி 1,750 அடுத்த 7 நாளில்" என்று சொல்லுங்கள். அல்லது அயர்னிங்கை வெளியே ஜாப் ஒர்க் கொடுக்க முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாள் பேசினால் அது பேரம். பதினான்காம் நாள் பேசினால் கெஞ்சல்.

சரி, வீட்டுப்பாடம். இன்றிரவு மூன்றே விஷயம் எழுதுங்கள். உங்கள் தொழிலில் மெதுவான இடம் எது? வர அதிக நாள் ஆகும் பொருள் எது? போன மாதம் உங்கள் ஆட்கள் எத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றார்கள்? விடையைப் பின்னூட்டத்தில் போடுங்கள். பழையபடி திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்