கரிசலின் மூச்சை அளப்போம்

உழவர்கள் கார்பன் சந்தையில் பங்கேற்று வருவாய் ஈட்டுவதற்கான நெறிமுறையை மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் மானாவாரி நிலம் எவ்வளவு வாயுவை வெளியிடுகிறது, எவ்வளவு உட்கொள்கிறது என்பதை எதைக் கொண்டு முடிவுசெய்வோம் என்பதே என் கேள்வி.

அளவீடு இல்லாத இடத்தில் சூத்திரமே வழக்கம். வயலில் இட்ட தழைச்சத்தில் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2006இல் வகுத்தது. 2019 திருத்தத்தில், வறண்ட பகுதிகளுக்கு அது 0.5 விழுக்காடானது. வயலில் எதுவும் மாறவில்லை, ஏட்டுக்கணக்கு பாதியானது. கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு இது என்பதால், சிறு பிழையும் பெருந்தொகையாகும்.

கரிசல் மண்ணோ சராசரிக்குள் அடங்காதது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழையில் நுண்ணுயிர்கள் விழித்தெழ, சில நாள்களிலேயே வாயுக்கள் பொங்கி வெளியேறும்.

இதை ஒரே உயரத்தில் அளந்தால் போதாது. காற்றில் வாயு எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே அதில் தெரியும்; நிலம் அதைத் தந்ததா, எடுத்ததா என்பது தெரியாது. இரவில் தரையருகே தேங்கும் வாயு, பகல் வெப்பத்தில் மேலெழுந்து கலந்துவிடுகிறது. பல உயரங்களில் காணும் வேறுபாட்டைக் காற்றின் அசைவோடு சேர்த்துப் படித்தால்தான் நிலத்தின் கணக்கு புலப்படும். நெதர்லாந்தின் கபாவ் கிராமப்புறத்தில் 213 மீட்டர் கோபுரம் இதற்குப் பயன்படுகிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஜப்பானியப் பயணிகள் விமானங்களில் பொருத்திய கருவிகள், டெல்லியில் ஏறி இறங்கும்போது பல உயரங்களில் கரியமில வாயுவை அளந்தன. 2016இல் வெளியான முடிவு வியப்பளித்தது: ஜனவரி முதல் மார்ச் வரை, மாநகரின் புகையையும் மீறி, மேலடுக்கைவிடத் தரையை ஒட்டிய காற்றில் அந்த வாயு குறைந்திருந்தது. சுற்றுப்புறக் கோதுமை வயல்கள் அதை உறிஞ்சியதே காரணம். தரையில் நின்று அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அருகே கயத்தாறில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. மண்ணை அறிந்தவர்களும் காற்றை அறிந்தவர்களும் கைகோத்து, கரிசல் வயல் நடுவே ஓர் அளவீட்டுக் கோபுரத்தை நிறுவலாம். விதைப்பு முதல் அறுவடை வரை, மழை பொய்த்த ஆண்டுகளிலும், அது தொடர்ந்து இயங்க வேண்டும். செலவு பிடிக்கும் பணிதான். ஆனால், எடைக்கல் இல்லாமல் சந்தைக்குப் போகும் உழவருக்கு விலையை நிர்ணயிப்பவர் எப்போதும் வாங்குபவரே.