ஓர் எழுத்து மாறினால்...



தமிழில் ‘கல்பு’ என்று எழுதினால் அது ஒரே சொல்தான். அரபியில் அப்படியல்ல. அடிநாக்கிலிருந்து எழும் எழுத்தைக் கொண்டு உச்சரித்தால் உள்ளம். அந்த எழுத்து சற்று முன்னே வந்துவிட்டால் நாய். உஸ்தாதுமார் பிள்ளைகளை இந்த இடத்தில் எத்தனை தடவை நிறுத்தித் திருத்துவார்கள் என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். என்றாலும் எல்லாத் தவறும் ஒரே தரமானதல்ல. சொல்லையே சிதைத்துவிடும் வெளிப்படையான தவறை ‘லஹ்ன் ஜலீ’ என்றும், ஓசையின் நயத்தை மட்டும் குறைக்கும் மறைவான தவறை ‘லஹ்ன் கஃபீ’ என்றும் தஜ்வீத் கலையில் பிரித்திருக்கிறார்கள்.

நம்முடைய உடம்பிலும் இப்படியொரு எழுத்து விவகாரம் உண்டு. இரத்தம், தசை, தோல் எல்லாவற்றிலும் புரதங்கள் இருக்கின்றன. 20 வகை அமினோ அமிலங்கள் தஸ்பீஹ் மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஒவ்வொரு புரதமும் உண்டாகிறது. ஆனால் தஸ்பீஹ் மணிகளெல்லாம் ஒரே மாதிரி; இவையோ வேறுவேறு. சில தண்ணீரோடு சேரும், சில எண்ணெயைப்போல் விலகும். இதனால் அந்த மாலை நீட்டிக் கிடக்காமல் மடிந்து சுருண்டு ஒரு வடிவம் எடுக்கிறது. வடிவம் சரியாக இருந்தால்தான் பூட்டுக்குள் திறப்பு போவதுபோல வேலை நடக்கும். எந்த இடத்தில் எந்த மணி என்ற விபரம் உம்மாவிடமிருந்தும் வாப்பாவிடமிருந்தும் வரும் பரம்பரையலகில் இருக்கிறது.

மணி ஒன்று மாறினால் எப்போதும் கேடுதானா? இல்லை. சீனி வியாதிக்காரர்களுக்குக் கொடுக்கும் இன்சுலினைப் பாருங்கள். அதில் 51 அமினோ அமிலங்கள். மனித இன்சுலினுக்கும் பன்றியின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம், மாட்டினுடையதில் மூன்று. அந்த ஒன்று ஒரு சங்கிலியின் ஓரத்தில் இருப்பதால் வேலையைக் கெடுப்பதில்லை. அதனால்தான் பல்லாண்டுகள் மிருகங்களிலிருந்து எடுத்த இன்சுலினை மனிதருக்கு ஏற்ற முடிந்தது. பன்றியினது கூடுமா என்று நம்மவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது. 1982இல், பக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு அந்தச் சங்கடம் பெருமளவு தீர்ந்தது. 1996இல் இன்னொரு படி போனார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மணிகளை வேண்டுமென்றே இடம் மாற்றினார்கள். இன்சுலின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பது குறைந்து, மருந்து விரைவாக வேலை செய்யத் தொடங்கியது.

இனி மறுபக்கம். 1910இல் சிக்காகோ நகர வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், கிரனடாத் தீவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த கலங்களைக் கண்டதாக எழுதினார். கோளாறு ஈமோகுளோபினில்தான் இருக்கிறதென்று 1949இல் லைனஸ் போலிங்கும் அவரது கூட்டத்தாரும் காட்டினார்கள். அது எந்த இடத்தில் என்பதைக் கேம்பிரிட்ஜில் வேர்ணன் இங்கிராம் 1956, 57ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார். ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகள். அவற்றில் பீட்டா எனப்படும் சங்கிலிக்கு 146 மணிகள். ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலமாக இருக்க வேண்டும். அங்கே வலீன் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு சேரும். வலீன் எண்ணெய்க் குணமுள்ளது. கறிச்சட்டியைக் கழுவும்போது எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே ஒட்சிசனை இறக்கிவிட்ட ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று பற்றி நீண்ட நார்களாகிவிடுகின்றன. கலம் வளைந்து விறைக்கிறது, சிறு குழாய்களில் சிக்குகிறது. பிள்ளை எலும்பு நோவால் துடிக்கிறது. சுமார் 120 நாள் இருக்க வேண்டிய செங்குருதிக் கலம் சில வாரங்களுக்குள் அழிகிறது. அதே ஆறாவது இடத்தில் வலீனுக்குப் பதில் லைசீன் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் இலேசான இரத்தசோகையோடு போய்விடும். எங்கே மாறியது, மாறி வந்தது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். அரிவாள் நோய் இங்கே குறைவு. தலசீமியா அப்படியல்ல, குருநாகல் வைத்தியசாலையில் அதற்கென்றே நிலையம் உண்டு. தலசீமியாவில் பீட்டாச் சங்கிலி போதியளவு உண்டாவதில்லை. இதற்குத் துணையாக ‘ஈமோகுளோபின் ஈ’ என்றொரு மாற்றமும் நம்மிடையே உள்ளது. இதில் 26ஆவது மணியில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசீன். தனியாக இருந்தால் தொல்லை இல்லை. அதை வைத்துக்கொண்டு முழு ஆயுளும் வாழ்ந்து போவார்கள். ஆனால் ஒருவரிடமிருந்து ‘ஈ’யும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் பிள்ளைக்குச் சேர்ந்து வந்தால் நோய். சிலருக்கு அது இலேசாகப் போகும். சிலருக்கோ மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். இரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு தேங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும்.

இந்தப் பரம்பரையலகுகள் இவ்வளவு காலம் நிலைத்ததற்கும் காரணம் உண்டு. தலசீமியா போன்றவற்றை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிடைத்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. பரம்பரையலகு மட்டும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் நமது வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை வெளிறிப் போனால் மருமகளின் ராசி என்கிறார்கள், கர்ப்பத்தில் சாப்பிட்டது சரியில்லை என்கிறார்கள். தாய் என்ன சாப்பிட்டாலும் 26ஆவது மணி மாறாது. இரண்டு பக்கமும் சுமந்து வந்தால்தான் இந்த நோய். அப்படிச் சுமப்பவர்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கும் இல்லை.

மாமி மகன், சாச்சா மகள் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது இரண்டு பேரும் ஒரே அலகைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இந்த இரத்தப் பரிசோதனை கட்டாயம். முடிவைப் பார்த்தபின் முடிப்பதா விடுவதா என்பதை அவர்களிடமே விட்டிருக்கிறார்கள். நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் நிக்காஹ் பதிய வரும்போது மஹர் எவ்வளவு என்று கேட்பதோடு, பல மாதங்கள் முன்கூட்டியே இதையும் ஞாபகப்படுத்தினால் என்ன? மண்டபம் பேசி, அழைப்பிதழும் அடித்த பிறகு கேட்பதில் பிரயோசனமில்லை.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஈமோகுளோபின் எவ்வளவு என்ற அளவு மட்டும் போதாது. அது எந்த வகை என்று பிரித்துக் காட்டும் பரிசோதனையும் வேண்டுமென்று வைத்தியரிடம் கேளுங்கள். சுமப்பவரின் செங்குருதிக் கலம் சிறிதாக இருப்பதால் இரும்புக் குறைபாடென்று தவறாக எண்ணி, ஆண்டுக்கணக்கில் குளிசை விழுங்குவோர் உண்டு. அதற்காகக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் கேட்டே எதையும் செய்யுங்கள்.

பெண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டுமென்ற சட்டமும் கிடையாது. மாப்பிள்ளை முதலில் கையை நீட்டட்டும். இந்த அலகுகள் எதையும் அவர் சுமக்கவில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டால், பெண் சுமந்தாலும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வர வழியில்லை. அவளுடைய முடிவை ஊரெல்லாம் பேசித் திரியவும் தேவையில்லை.