பெயர் போன படங்கள்



வீட்டிலுள்ள பழைய கணினியில் இரண்டாவது வன்தட்டு சேர்ப்பது எப்படி என்று எழுதும்படி அன்பர் இருவர் கேட்டிருக்கிறார்கள். கடையில் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று கேட்டால் தருவார்களே, அதுதான் வன்தட்டு. “புதுக் கணினிக்கு வழியில்லை, பழையதில் இடமில்லை, பிள்ளைகளின் படங்கள் நிரம்பி வழிகின்றன” என்பது அவர்களில் ஒருவரின் குறை. வேலை என்னவோ அரை மணி நேரந்தான். திருகாணி முடுக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். நானும் செய்தேன். செய்துவிட்டு, நாற்பது வருடப் படங்களை ஒரே அழுத்தில் அழித்தும் விட்டேன்! ஆகவே இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

2021 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளெல்லாம் நீரில் மூழ்கின. எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே குடிபோயிருந்த குடும்பமொன்று, கல்யாண ஆல்பத்தைச் சேற்றிலிருந்து எடுத்தது. பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் போயிருந்தது. பிரித்தால் மாப்பிள்ளையின் முகம் உரிந்து எதிர்ப் பக்கத்தோடு வந்தது.

பந்திங் பக்கம் எங்கள் தோட்டம் கித்தா போய்ச் செம்பனை ஆகி, பிறகு லயத்து வீடுகளும் இடிந்து போயின. எஞ்சியிருப்பவை பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் படங்கள்தாம். அவற்றையாவது காப்போம் என்று வீடு வீடாக வாங்கி ஸ்கேன் செய்தேன். இரண்டு வருடச் சனிக்கிழமைகள், 1,260 படங்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “இது மண்டோர் மகள், இது ஆயாக்கொட்டகைப் பாட்டி” என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பெயர்களையே கோப்பின் பெயராகத் தட்டி வைத்தேன். பிரதி எடுக்கவில்லை. எடுக்கலாம், எடுக்கலாம் என்றே இருந்தேன்.

ஒருநாள் கணினிக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தது. வன்தட்டு தளர்கிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம்.

எங்கள் லயத்தில் வளர்ந்த அக்கா ஒருவர் இந்தச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் பல காலம் வேலை பார்த்தவர். இருட்டோடு தொழிற்சாலை பஸ் ஏறிப் போன பெண்களில் ஒருவர். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இது நடந்த தொழில். பெட்டாலிங் ஜெயாவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வன்தட்டு செய்துவந்ததும், 2018-இல் அறிவித்துவிட்டு அந்த ஆலையை மூடியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அக்கா சொல்வார்: “தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டுந்தான் வெளியே தெரியும். பவுடர் பூசக்கூடாது, குங்குமம் வைக்கக்கூடாது.” காரணம் உண்டு. வன்தட்டின் உள்ளே கண்ணாடி போல் வழவழப்பான தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமுடியோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிப்பு. ஒரு துகள் குங்குமம் அங்கே பாறாங்கல்! ஆகையால் சத்தம் வருகிறதே என்று வன்தட்டைத் திறந்து எண்ணெய் விட நினைக்கும் கைத்தொழில் மேதைகள் தயவுசெய்து தையல் மிஷினோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பழைய வன்தட்டிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் கம்பி விரல் அகலத்துக்கும் குறைவாக இருந்தால் அது ‘சாட்டா’. தாய்ப்பலகையில் அதே போன்ற காலி வாய் ஒன்றும், மின்பெட்டியிலிருந்து வரும் காலி மின்முனை ஒன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கவலையில்லை. கம்பி அகன்ற நாடா போல் இருந்தால் அது இன்னும் பழைய வகை. அதற்கு மெனக்கெட வேண்டாம். வெளியே யுஎஸ்பி-யில் செருகும் வன்தட்டு வாங்கிக் கொள்ளலாம்.

பழையதன் அளவைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புதியதை வேறு அளவில் வாங்குங்கள். ஏன் என்று பிறகு தெரியும். 1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் திரையில் 931 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1,024 ஆக எண்ணுகிறது.

புதியதைப் பழையதற்குக் கீழோ மேலோ கொஞ்சம் காற்று புகும்படி பொருத்தி, கட்டைத் திருகாணிகளால் முடுக்குங்கள். கம்பி முனை ஆங்கில ‘எல்’ எழுத்து வடிவில் இருக்கும். ஒரு பக்கமாகத்தான் செல்லும், முரட்டுத்தனம் வேண்டாம். அவ்வளவுதான்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். புது வன்தட்டு உடனே கண்ணில் படாது. விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ என்ற பக்கத்தைத் திறந்து, அதைத் தயார்ப்படுத்தி, ‘ஃபார்மட்’ செய்யவேண்டும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதென்றால் ‘ஜிபிடி’ முறையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று வரிசை நிற்கும். பழையது 0, புதியது 1 என்றுதானே யாரும் நினைப்போம்? நானும் நினைத்தேன். கம்பியை எந்த வாயில் செருகினோம் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே அளவு வேறு. பழைய வன்தட்டின் ஒரு பகுதியில் விண்டோஸும் மறு பகுதியில் படங்களும் இருந்தன. படங்கள் இருந்த பகுதியைப் புதியது என்று எண்ணினேன். “எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?” என்று கணினி மரியாதையாகத்தான் கேட்டது. பள்ளியில் பிள்ளைகளிடம் “கேள்வியை இரண்டு முறை படி” என்று சொல்லும் இந்த வாத்தியார் ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

நீங்கள் எண்ணைப் பார்க்காதீர்கள். அளவைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். ஒன்றும் எழுதப்படாத இடத்தின் மேல் கறுப்புப் பட்டை இருக்கும். நீலப் பட்டை இருந்தால் அது உங்கள் பழைய சொத்து; கையை எடுத்துவிடுங்கள்.

தவறு நடந்துவிட்டால்? உடனே நிறுத்துங்கள். அந்தத் தட்டில் ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது. விரைவு ஃபார்மட் என்பது வருகைப் பதிவேட்டைக் கிழித்துப் போடுவது மாதிரி. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்துதான் இருப்பார்கள். யார் எவர் என்றுதான் தெரியாது. புது மாணவர்களைக் கொண்டுவந்து அதே நாற்காலியில் அமர்த்தினால்தான் பழையவர்கள் போவார்கள். எனக்கும் அப்படியே ஆயிற்று. மீட்பு மென்பொருளைக் கொண்டு நண்பர் ஒருவர் படங்களைப் புது வன்தட்டுக்கு இழுத்துத் தந்தார். அநேகமாக எல்லாம் வந்தன. ஆனால் கோப்புப் பெயர்கள் வரவில்லை. 1,260 படங்களும் வெறும் எண்களாக வந்து நின்றன.

நிற்க. இரண்டாவது வன்தட்டு வந்ததும் பலர் செய்வது என்ன? படங்களைப் பழையதிலிருந்து வெட்டிப் புதியதில் ஒட்டுகிறார்கள். இடம் கிடைத்தது என்று மகிழ்ச்சி. பிரதி மறுபடியும் ஒன்றே! வெட்டாதீர்கள், நகலெடுங்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் நம் ஊர்ச் சாயங்கால இடி ஒன்று இரண்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம். தொலைக்காட்சியைப் பிடுங்குவது போல் மழை இருட்டியதும் கணினியையும் பிடுங்குங்கள். மூன்றாவது பிரதி ஒன்றை நான் கிள்ளானில் தங்கை வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னொன்று: விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அப்படிப்பட்டதை இணையத்திலிருந்து விலக்கிப் படப்பெட்டியாக வைத்துக்கொண்டால் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

பெயர்களை இப்போது நோட்டுப் புத்தகத்திலும் எழுதுகிறேன். ஓராண்டாக மறுபடியும் வீடு வீடாகப் போனேன். ஆனால் முதல் முறை சொன்னவர்களில் மூவர் இன்று இல்லை. 37 படங்களுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஒன்றில், ஆயாக்கொட்டகை வாசலில் பத்து வயதுப் பெண்ணொருத்தி இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். அவள் பெயரை என் கையாலேயே தட்டினேன். நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. வரும் ஞாயிறு அந்தப் படத்தைக் கேரித் தீவில் இருக்கும் பாட்டி ஒருவரிடம் கொண்டு போகிறேன். கண் ஆப்பரேஷன் முடிந்து இப்போது நன்றாகத் தெரிகிறதாம்.